மாயாவி வந்தார், மாடர்ன் தியேட்டர்ஸ் வரவில்லை

ஏற்காட்டு ஏரியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வண்டிகள் ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு சேலம் சாலையில் இறங்குகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து, அடிவாரம் கடந்து, நகரத்தின் சந்தடி தொடங்கும் இடத்தில் சாலையோரமாக ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் மிஞ்சியது அதுதான். உள்ளே குடியிருப்புகள் வந்துவிட்டன. 2023 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அந்த வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டபோது சேலத்துக்காரர்களுக்கு ஸ்டுடியோ திரும்ப வேண்டும் என்ற பழைய ஆசை மீண்டும் துளிர்த்தது. சில மாதங்களிலேயே, வளைவு நிற்கும் இடம் நெடுஞ்சாலைத் துறையுடையதா என்ற வழக்காடலில் பேச்சு திசைமாறிப் போனது. இதே தமிழ்நாட்டில் இன்னொரு கூட்டமும் பல ஆண்டுகள் ஒரு மறுவருகைக்காகக் காத்திருந்தது. இரும்புக்கை மாயாவியையும் சட்டித்தலையன் ஆர்ச்சியையும் சிறுவயதில் படித்த காமிக்ஸ் வாசகர்கள் அவர்கள். அவர்கள் கேட்டது 2012இல் கிடைத்தது. பணமும் கருவிகளும் புகழும் இருந்த ஸ்டுடியோ திரும்பவில்லை. சிவகாசியிலிருந்து வந்த மெல்லிய புத்தகங்கள் திரும்பிவிட்டன. ரசிகர் நம்பிக்கை எப்போது பலிக்கிறது என்பதற்கான விடை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நின்றுபோன ஒரு தொடரை உரிமையாளர் மனம் வைத்து உயிர்ப்பிப்பதாகத்தான் பொதுவாகப் பேசுகிறோம். தொடர் நின்றிருந்த காலத்தில் அதைக் கையில் வைத்துக் காத்தவர்கள் யார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று வரலாறு காட்டுகிறது.

முதலில் ஸ்டுடியோவின் கதை. அறிவியல் கற்பனைத் தொடர் ஒன்று தமிழில் தோன்றியிருக்க வேண்டுமென்றால் அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்க முடியாது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். படமெடுப்பதையும் ஆலை நடத்துவதுபோல் முறையாகச் செய்ய முடியும் என்று நம்பியவர். 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, நடிகர்களையும் எழுத்தாளர்களையும் மாதச் சம்பளத்தில் அமர்த்தி, படப்பிடிப்பு முதல் பிலிம் கழுவுவது வரை ஒரே வளாகத்தில் நடக்கும்படி செய்தார். முதல் மலையாளப் பேசும்படம் ‘பாலன்’ 1938இல் இங்கிருந்துதான் வந்தது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட ‘உத்தமபுத்திரன்’ 1940இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இலும் வந்தன. ‘மந்திரி குமாரி’க்கு வசனம் எழுத வந்த மு. கருணாநிதி சேலத்தில் குடியிருந்தார். புதிதாக எது வந்தாலும் முதலில் செய்து பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு அந்த நிறுவனத்தின் இயல்பிலேயே இருந்தது. அந்தத் துடிப்பின் உச்சம் 1952இல் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’. வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோரோடு நம் எம்.என். நம்பியாரும் நடித்தார். யானைகள் மிரண்டு காட்டைவிட்டு ஓடிவந்து கிராமங்களை மிதித்து அழிக்கின்றன. காரணம் தேடிப் போகும் குழு, என்றோ அழிந்துபோன மாமூத் என்னும் சடை யானைகள் இன்னும் உயிரோடு உலவுவதைக் காண்கிறது. நிஜ யானைகளுக்கு அடர்ந்த முடி ஒட்டி மாமூத்களாக்கினார்கள். இன்றைய கண்ணுக்கு எளிய தந்திரம்தான். ஆனால் ‘இறந்துபோன உயிரினம் திரும்பி வந்தால் என்ன ஆகும்’ என்ற கேள்வியை வைத்துக் கதை பண்ணியது அறிவியல் புனைவின் வேலை. இந்திய மண்ணில் அதை அவ்வளவு முன்பே செய்து பார்த்த நிறுவனம் சேர்வராயன் மலையின் காலடியில் இருந்தது. அந்த மலையின் மேலேயே, ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியாவின் பழங்கற்காலத்தை உலகுக்குச் சொன்ன ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கல்லறையும் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்து 1912இல் மறைந்தவர் அவர். கீழே படமெடுத்தவர்கள் அவரை நினைத்தார்களா என்பது வேறு விஷயம். தொல்லுலகைப் பற்றிய அறிவும் கற்பனையும் ஒரே மலைச்சாலையின் இரு முனைகளில் இருந்திருக்கின்றன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

‘தி ஜங்கிள்’ படத்துக்கு அடுத்தது வரவில்லை. 1963இல், விண்வெளியிலிருந்து வந்தவர்கள் பூமியின் பாடகியைத் தங்கள் கிரகத்துக்குத் தூக்கிச் செல்லும் ‘கலை அரசி’ வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து ஏ. காசிலிங்கம் இயக்கிய அந்தப் படத்தை எடுத்தது வேறு நிறுவனம். அதற்கும் தொடர்ச்சி இல்லை. அதே ஆண்டில் சுந்தரம் காலமானார். அவருக்குப் பின் மகன் ராமசுந்தரம் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ போன்ற துப்பறியும் படங்களை எடுத்தார். ரகசிய அறைகளும் விநோதக் கருவிகளும் நிறைந்த அந்தப் படங்களுக்குக் கூட்டம் வந்தது. ஒரே நாயகனை ஒரே மாதிரி சாகசங்களில் திரும்பத் திரும்பப் பார்க்க ஆள் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. நிறுவனத்தை நிறுத்தியது தொழிலின் போக்கு. நட்சத்திரங்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் கோடம்பாக்கத்தில் குவிந்தார்கள். மாதச் சம்பள ஸ்டுடியோ முறை தனித் தயாரிப்பாளர்களிடம் தோற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த சேலத்து வளாகம் 1980களில் ஓய்ந்தது. ஓய்ந்தபோது அதன் ரசிகர்களிடம் என்ன இருந்தது? டாக்கீஸ் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் இருந்தது. அதைத் தவிர ஒன்றுமில்லை. பிலிம் பெட்டி விநியோகஸ்தருடையது. ஓடி முடிந்த பிரதிகளை, அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கி விற்றவர்களும் இந்தத் தொழிலில் இருந்தார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் வந்தது. படத்தை நேசித்த மனிதர் அதை வீட்டில் வைத்துக்கொள்ளவோ, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கவோ, நின்றுபோனால் தானே மறுபடி ஓட்டிக் காட்டவோ வழியே இல்லாத கலை அது.

சிவகாசியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1972 ஜனவரியில் மு. சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடரின் தமிழ் வடிவம் அது. கென் புல்மர் எழுதத் தொடங்கி டாம் டல்லி தொடர்ந்தார். ஸ்பெயினைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட உதவியாளரான லூயிஸ் கிராண்டெல் விபத்தில் வலது கையை இழக்கிறார். பதிலுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுதும் மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒற்றைக் கை மிதந்து வரும்; விரல்கள் சுவரிலிருக்கும் பிளக்கைத் தேடிப் போகும்; காவலாளி வாய் பிளந்து நிற்பான். வீட்டுக்கு மின்சாரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஊர்களில் சுவிட்ச் போர்டைத் தொடாதே என்று அடி வாங்கிய பிள்ளைகளுக்கு, அதே சுவிட்ச் போர்டில் விரலை வைத்துச் சக்தி பெறும் மனிதர் எப்படித் தெரிந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். கதையின் முக்கால்வாசி வசீகரம் அங்கேதான் என்பது என் கணிப்பு. மாயாவி முதலில் திருடராக இருந்து பிறகு உளவாளியாகிறார். இந்த மாற்றமும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமான சினிமாக் கதைப் போக்குதான். ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாம்புத் தீவு’, ‘பாதாள நகரம்’ என்று வரிசையாக வந்தன. லாரன்ஸ்-டேவிட் ஜோடி, ஜானி நீரோ ஆகிய மற்ற முத்து காமிக்ஸ் நாயகர்களையும் மாயாவியோடு சேர்த்து மும்மூர்த்திகள் என்று வாசகர்கள் இன்றும் சொல்கிறார்கள். லண்டன் சிறுவனுக்கு வாரம் சில பக்கங்களாகத் துண்டுதுண்டாகக் கிடைத்த கதை, இங்கே ஒரே புத்தகத்தில் முழுக்கதையாக வந்தது. ‘வேலியன்ட்’ 1976இல் நின்றபின், மாயாவியின் கதைகள் இங்கிலாந்தில் ஒழுங்கான புத்தகமாக வர 2005 வரை ஆனது. தமிழ் வாசகரின் டிரங்குப் பெட்டியில் அது எழுபதுகளிலேயே புத்தகமாக இருந்தது.

அந்தப் பெட்டிதான் இந்தக் கட்டுரையின் மையம். முழுக்கதைப் புத்தகம் என்பதால் அதை வைத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், வாடகை நூல்நிலையத்துக்கு விற்கலாம். இரண்டு மாயாவி கொடுத்து ஒரு லாரன்ஸ்-டேவிட் வாங்கலாம். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாள் கழன்ற இதழ்களைச் சேர்த்து, ஏழெட்டாகத் தைத்து, அட்டை போட்டு, முதுகில் பேனாவால் பெயரெழுதி வைத்த பைண்டிங்குகள் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் அகப்படுகின்றன. இப்படிப் பெருகிய வாசகர்களை நம்பித்தான் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். வலைமன்னன் ஸ்பைடரும், காலத்தில் பயணம் செய்யும் கோட்டையில் ஏறி எந்த யுகத்துக்கும் போய்வரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அதில் வந்தார்கள். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. தொண்ணூறுகளில் கேபிள் டிவி வீட்டுக்குள் நுழைந்தது. பிள்ளைகளின் சாயங்காலம் கைமாறியது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயனும் முத்துவும் நின்று நின்று வந்தன. அறிவித்த இதழ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விநியோக வலிமையில் ராணி காமிக்ஸுக்கு இணை கிடையாது. தினத்தந்தி போகாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் நின்றபின் அது திரும்பவில்லை. திரும்பியது சிறிய நிறுவனம்தான்.

எப்படித் திரும்பியது என்பதில் ரசிகரின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. நினைவிழந்த மனிதனின் நெடுந்தொடரான ‘இரத்தப் படலம்’ பதினெட்டு பாகங்களையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவர 2010இல் முன்பதிவுப் பணம் கட்டியவர்கள் வாசகர்கள். புத்தகம் கண்ணில் படுமுன்பே, முன்பு பலமுறை தாமதமான பதிப்பகத்தை நம்பி, பணம் அனுப்பினார்கள். அடுத்து 2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வந்தது. ஆண்டுச் சந்தா முறை உறுதிப்பட்டது. தாள் உயர்ந்தது, வண்ணம் வந்தது. அடுத்த ஆண்டே முத்து காமிக்ஸ் 400 ரூபாய்க்குச் சிறப்பிதழ் போடும் அளவுக்குத் துணிந்தது. மறுபதிப்புகளாக மாயாவியும் வந்தார். சந்தாதாரர் எத்தனை பேர் என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால் எத்தனை பிரதி அச்சிடுவது என்ற சூதாட்டம் பதிப்பாளருக்குக் குறைகிறது. கடையில் தேங்கித் திரும்பி வரும் கட்டுகள் குறைகின்றன. ரசிகரின் ஆசை இங்கே அச்சகத்துக்குத் தேவையான முதலீடாக மாறிவிட்டது. இதழ் வராத ஆண்டுகளில் வரிசை எண்களையும் அட்டைப்படங்களையும் தேடித் தொகுத்து வைத்திருந்தவர்களும் இந்தச் சந்தாதாரர்கள்தான்.

இது சிவகாசிக்கு மட்டும் பொருந்தும் விதிவிலக்காகத் தோன்றலாம். வெளியுலகிலும் இதே போக்குதான். ‘ஸ்டார் டிரெக்’ தொடரை அமெரிக்காவின் என்.பி.சி. நிறுத்தப் போவதாகப் பேச்சு எழுந்தபோது, ஜான், பிஜோ டிரிம்பிள் தம்பதியர் முன்னின்று கடிதப் போராட்டம் நடத்தினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்ததாகச் சொல்வார்கள். 1968இல் தொடர் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது. அந்தக் கடிதங்கள் வாங்கித் தந்தது ஒரே ஒரு பருவம். 79 பகுதிகளோடு 1969இல் தொடர் முடிந்துபோனது. பிறகு அதைக் காப்பாற்றியது, சிறிய நிலையங்களின் மறு ஒளிபரப்பும், 1972 ஜனவரியில் நியூயார்க்கில் கூடிய முதல் மாநாடும், அதைத் தொடர்ந்து ஆண்டுதோறும் கூடிய கூட்டங்களும்தான். முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்ததும் அதே மாதம். 1979இல் திரைப்படம், 1987இல் புதிய தொடர் என்று ‘ஸ்டார் டிரெக்’ எழுந்தது. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ இன்னும் தெளிவான சான்று. 1963இல் தொடங்கிய அந்தத் தொடரின் பழைய பகுதிகளை, நாடாவை மறுபடி பயன்படுத்தவும் இடம் காலி செய்யவும் நிறுவனமே அழித்தது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்குப் படம் இல்லை. ஆனால் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியின் முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள் இருந்ததால் இருக்கிறது. 1989இல் நின்ற தொடரை 2005இல் மீட்டெடுத்த ரஸ்ஸல் டி. டேவிஸ் சிறுவயது முதலே அதன் ரசிகர். உரிமை பிபிசியிடம் இருந்தது. காத்து வைத்தவர்கள் வெளியே இருந்தார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, இதெல்லாம் நாற்பது ஐம்பது வயதானவர்களின் பழைய நினைவேக்கம், அவர்களோடு முடிந்துபோகும் என்பது. சந்தாதாரர்களில் நடுவயதினர் அதிகம் என்பதும், அச்சாகும் பிரதிகள் பழைய நாட்களோடு ஒப்பிடும்படி இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஏக்கம் மட்டும் இருந்திருந்தால் அவர்கள் மாயாவியின் மறுபதிப்புகளோடு நின்றிருப்பார்கள். 2012க்குப் பிறகு அவர்கள் பணம் கட்டி வாங்கியவற்றில் பெரும்பகுதி தமிழுக்குப் புதியவையான ஐரோப்பியக் கதைகள். அவற்றில் ஒன்றான லார்கோ வின்ச்சைச் சிறுவயதில் தமிழில் படித்தவர் யாரும் இல்லை. பழையதற்காகத் திரண்ட கூட்டம் புதியதற்கு வழிவிட்டது. இதையே எதிர்ப்பக்கமாகத் திருப்பி, அப்படியானால் அறிவியல் கற்பனை எங்கே திரும்பியது, திரும்பியது கௌபாய் டெக்ஸ் வில்லர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இது வலுவான கேள்வி. இன்றைய லயனில் டெக்ஸுக்கு இருக்கும் செல்வாக்கு மாயாவிக்கு இல்லை. ஆர்ச்சியும் ஸ்பைடரும் அவ்வப்போது வந்துபோகும் விருந்தாளிகள். உண்மையில் அறுபதுகளின் பிரிட்டிஷ் விஞ்ஞானக் கற்பனை இன்றைக்குப் போதாது; மின் அதிர்ச்சியில் மனிதன் மறைவதை இப்போதைய பத்து வயதுப் பிள்ளை ஏற்பது கடினம். ஆனால் திரும்பவே வராமல் போயிருந்தால் இந்தப் பலவீனத்தைச் சோதித்துப் பார்க்கக்கூட வாய்ப்பிருந்திருக்காது. எது நிற்கும், எது நிற்காது என்பதை வாசகர் முடிவு செய்ய, புத்தகம் முதலில் கையில் இருக்க வேண்டும்.

மாயாவி நம்முடையவரே அல்ல, இரவல் சரக்கின் மறுவருகையில் நமக்கென்ன பெருமை என்பது இன்னொரு மறுப்பு. கதை பிரிட்டனுடையது, கோடு ஸ்பெயினுடையது, உரிமை இப்போது ரெபெல்லியன் நிறுவனத்துடையது, மூன்றும் சரி. ஆனால் பிறந்த நாட்டில் மாயாவி நிபுணர்களும் சேகரிப்பாளர்களும் அறிந்த பெயராகச் சுருங்கியபோது, இங்கே லோகேஷ் கனகராஜ் போன்ற வெகுஜன இயக்குநர் அந்தப் பெயரிலேயே படமெடுக்க விரும்புவதாகப் பலமுறை பேசும் அளவுக்கு அது ஊர்ப்பெயராகிவிட்டது. அலிபாபாவும்கூட வெளியூர்க்காரர்தான், சேலத்தில் வண்ணம் பூசி அவரை நம்மவராக்கியபோது யாரும் இரவல் என்று தள்ளவில்லை. எங்கே பிறந்தது என்பதைவிட யார் வளர்த்தார்கள் என்பதில்தான் ஒரு மரபின் உரிமை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஏற்காட்டின் காப்பியும் காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த 1820களில் வெளியிலிருந்து வந்து மலையேறியதுதான். இன்று அந்த மலையின் பிழைப்பே அதில் இருக்கிறது.

கடைசி மறுப்பு சினிமாவைச் சார்ந்தது. புத்தகத்துக்குச் சில நூறு ரூபாய் சந்தா போதும், ஸ்டுடியோவுக்குக் கோடிகள் வேண்டும், இரண்டையும் எடைபோடுவதே தவறு என்பார்கள். தயாரிப்புக்கு அது பொருந்தும். ஏற்காடு சாலையில் மறுபடி படப்பிடிப்புத் தளம் எழும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் முத்து காமிக்ஸ் வாசகர்கள் தொடங்கியது அச்சகம் வாங்குவதிலிருந்து அல்ல. கையில் இருந்ததைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, எது இருக்கிறது எது இல்லை என்று தெரிந்துகொள்வதில் தொடங்கினார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் விஷயத்தில் அந்த வேலை இன்னும் ஊரளவில் நடக்கவில்லை. ‘தி ஜங்கிள்’ அமெரிக்க விநியோகத்துக்குப் போனதால் பிழைத்தது. இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. சேலத்தில் அதைத் திரையிட ஒரு வாடகை அரங்கும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பாட்டுப் புத்தகங்கள், துண்டு நோட்டீஸ்கள், சம்பளச் சீட்டுகள், படப்பிடிப்புப் புகைப்படங்கள் ஆகியவை கண்ணங்குறிச்சி, அஸ்தம்பட்டி வட்டாரத்தில் ஸ்டுடியோவை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பரண்களில்தான் இருக்க முடியும். வளைவு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதை அளவைக்காரர்கள் தீர்த்துக்கொள்வார்கள். பரணில் இருப்பதை மழைக்கும் கரையானுக்கும் முன்னால் யாராவது போய்க் கேட்டு வாங்கி, தேதி போட்டு, பெயரெழுதி வைக்க வேண்டும். ஸ்டுடியோவில் வேலை பார்த்த தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; எந்தப் படத்தில் யார் விளக்குப் பிடித்தார், யார் யானைக்கு முடி ஒட்டினார் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான்.